இரண்டு கொத்து, ஓர் அடி: கைப்பிடி சுற்றினால் அசையும் பொம்மையை வீட்டிலேயே செய்வது எப்படி

பொம்மையை முதலில் செய்யாதீர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். நான் செய்த முதல் பொம்மை ஒரு காகம். பழைய குடைத்துணியைக் கத்தரித்து, இறகு இறகாக ஒட்டி, கண்ணுக்குப் பாசிமணி வைத்து, இருபது நாள் மெனக்கெட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அதை எப்படி அசைப்பது என்று யோசித்தேன். வயிற்றில் அச்சுக்கு இடமில்லை, வாலில் கனமில்லை, கால்கள் பசையில் இறுகிக் கிடந்தன. அந்தக் காகம் இன்னும் எங்கள் வீட்டு அலமாரி மேல்தான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அழகு என்கிறார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் பெட்டி, அப்புறம் அச்சு, அப்புறம் அசைவு. அசைவு சரியாக வந்த பிறகே துணியும் பசையும் வண்ணமும். நாம் செய்யப் போவது இது: வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஆச்சி வற்றல் காயப் போட்டிருக்கிறாள். காகம் இரண்டு முறை கொத்துகிறது. ஆச்சி குச்சியை மெல்ல ஓங்கி ஓங்கிப் பட்டென்று போடுகிறாள். அடி விழும்போது காகம் தலையை நிமிர்த்திக்கொண்டு வேறெங்கோ பார்க்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் செட்டிநாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் பார்க்கலாம்.

வேறு காட்சி வேண்டுமென்றாலும் செய்யலாம். ஆனால் முதல் பொம்மைக்கு ஒரு காட்சி, இரண்டு அசைவு, அதற்கு மேல் வேண்டாம். கல்யாண ஊர்வலம், தேரோட்டம் என்று ஆரம்பித்தவர்கள் பாதிப் பெட்டியோடு நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

அசைவு எங்கே பிறக்கிறது

திருவிழாக் கடைகளில் ஒரு சின்ன இழுவண்டி விற்பார்கள். மண் சில்லில் காகிதம் ஒட்டிய குட்டி மேளம், மேலே இரண்டு குச்சி. கயிற்றைப் பிடித்து இழுத்தால் டகடகவென்று அடிக்கும். சின்ன வயதில் அதைப் பிரித்துப் பார்த்திருந்தால் பாதிப் பாடம் அப்போதே முடிந்திருக்கும். சக்கரத்தின் அச்சில் ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும். அச்சு சுற்றும்போது அந்த முனை குச்சியின் வாலை அழுத்தித் தூக்கும். முனை நழுவியதும் குச்சி மேளத்தில் விழும். கோயில்களில் பூசை நேரத்தில் தானாக அடிக்கிற மோட்டார் மேளத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், அங்கேயும் மோட்டாரின் சுழற்சிதான் அடியாக மாறுகிறது. சுற்றுவதை ஏறி இறங்குவதாக மாற்றுவது, அவ்வளவுதான் விஷயம்.

அச்சில் மாட்டுகிற, வட்டமில்லாத அல்லது நடு தவறிய வட்டுக்கு கேம் என்று பெயர். வண்டி மெக்கானிக் கேம் ஷாஃப்ட் என்று சொல்கிறாரே, அதே கேம். அதன் மேல் ஒரு கம்பி உட்கார்ந்திருக்கும். நான் அதைத் தள்ளுகம்பி என்பேன். வட்டின் விளிம்பு அச்சிலிருந்து விலக விலகக் கம்பி ஏறும், நெருங்க நெருங்க இறங்கும். விளிம்பை எப்படி வெட்டுகிறீர்களோ அப்படித்தான் பொம்மை ஆடும். முட்டை வடிவில் வெட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். நத்தை ஓடு போலச் சுருளாக வெட்டினால் மெல்ல ஏறிச் சட்டென்று விழும். காகத்துக்கு முட்டை, ஆச்சிக்கு நத்தை.

இது புதுசும் இல்லை. திப்பு சுல்தானுக்காகச் செய்த மரப்புலி ஒன்று, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது பிரிட்டிஷார் கைக்குப் போய், இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் புலிக்கு அடியில் கிடக்கும் வெள்ளைக்காரனின் கை மேலும் கீழும் ஆடும், முனகலும் உறுமலும் எழும்பும். அதற்கும் வெகு காலம் முன்னால், அரசன் சச்சந்தன் தன் மனைவி விசயையை ஏற்றி அனுப்பிய மயிற்பொறி நம் சீவக சிந்தாமணியிலேயே உண்டு. வலப்பக்கம் திரித்தால் எழும்பும், இடப்பக்கம் திரித்தால் இறங்கும். நம் ஆச்சிக்கு அந்த வசதி கிடையாது. அவளை வலப்பக்கம் மட்டுமே சுற்ற முடியும். காரணம் கொஞ்சம் தள்ளி வருகிறது.

பொருள் தேடுவது

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். கிழிந்த கறுப்புக் குடை ஒன்று, தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, தண்ணீர் பாட்டில் மூடி, வாஷர், குண்டூசி, காலியான பேனா ரீஃபில், பழைய பருத்திப் புடவைத் துண்டு. கண்டாங்கிச் சேலைக் கிழிசல் கிடைத்தால் யோகம். அந்தக் கட்டமும் கரையும் கையளவு பொம்மைக்குக் கூட ஆச்சிக் களையைக் கொடுத்துவிடும்.

சைக்கிள் கடையில் கழற்றிப் போட்ட ஸ்போக்ஸ் கம்பி நாலைந்து கேளுங்கள், நிப்பிளோடு, அதாவது கம்பியின் முனையில் திருகுகிற குட்டி நட்டோடு. பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். தச்சுப் பட்டறையில் 1 செ.மீ. கனத்தில் பிளைவுட் துண்டுகள் மிஞ்சியிருக்கும். ஸ்டேஷனரி கடையில் உருண்டை வடிவப் பென்சில் ஒன்று. ஆறு பட்டைப் பென்சில் வேண்டாம், அது சுவரின் துளையில் கடகடக்கும்.

காரைக்குடியில் இருப்பவர்களுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வீடுகளிலிருந்து இறங்கிய தூண், கதவு, எனாமல் பாத்திரம், பித்தளைச் சாமான் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. அங்கே போனால் முழுப் பொருளைக் கேட்காதீர்கள். "அண்ணே, உடைஞ்ச மூடி, கைப்பிடி, ஒத்தைக் குமிழ் ஏதாவது கிடக்குதா?" என்று கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு செதுக்கு வேலையைப் பொம்மைக்காக அறுப்பது எனக்குச் சம்மதமில்லை. உடைந்ததற்கு உயிர் கொடுக்கலாம், உயிரோடு இருப்பதை உடைக்கக் கூடாது.

அங்கே வாங்குகிற பொருளில் மூன்று கவனம். பர்மா தேக்குத் துண்டு கிடைத்தால் அது எண்ணெய்ப் பசை உள்ள மரம். ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மாதம் திரும்புவதற்குள் கையோடு வந்துவிடும். பழைய வண்ணம் பூசிய மரத்தை உலர்வாகத் தேய்க்க வேண்டாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு குழந்தைகளுக்கு ஆகாது. எனாமல் மூடியில் துளை போடும்போது பூச்சு கண்ணாடிபோலத் தெறிக்கும். துளை வருகிற இடத்தில் டேப் ஒட்டி, அடியில் கட்டை வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, ட்ரில்லை மெதுவாக ஓட்டுங்கள்.

கடைசியாக, விரிசல் விட்ட ஆத்தங்குடிக் கல் ஒன்று, எட்டங்குலச் சதுரம். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிச் சிமென்ட்டும் மணலும் போட்டு வார்க்கிற அந்தக் கல், நம் பெட்டிக்கு அடித்தளம். அழகுக்கு மட்டும் அல்ல, கனத்துக்காகவும்தான். கைப்பிடியைச் சுற்றும்போது எடை குறைந்த பெட்டி மேசையில் ஊர்ந்துகொண்டே போகும்.

பெட்டி

அடிப்பலகை ஒன்று, மேல்பலகை ஒன்று, இரண்டும் 14க்கு 10 செ.மீ. பக்கச் சுவர் இரண்டு, 10 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம். இவை அடிப்பலகைக்கும் மேல்பலகைக்கும் நடுவில் நிற்கும். உள்ளே 12 செ.மீ. அகலம் மிஞ்சும். பின்பக்கம் 14க்கு 15 செ.மீ. மெல்லிய பலகை. பின்பலகை எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாத பெட்டி கைப்பிடி சுற்றும்போது பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடும், அச்சு இறுகும். முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். உள்ளே வட்டு சுற்றுவதைப் பார்ப்பதிலேயே பாதி வேடிக்கை.

ஒட்டுவதற்கு முன் பக்கச் சுவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுகக் கட்டி, கீழிருந்து 6 செ.மீ. உயரத்தில், அகலத்தின் நடுவில், ஒரே மூச்சில் 8 மி.மீ. துளை போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் துளைகள் ஒரு நூல் விலகும், அச்சு கோணலாகும். பென்சில் ஏறத்தாழ 7 மி.மீ. பருமன், அந்தச் சின்ன இடைவெளி வேண்டும். மேல்பலகையில், அதன் இட விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒன்று, 11 செ.மீ. தள்ளி ஒன்று, இரண்டும் நடுக்கோட்டில், தள்ளுகம்பிக்கான துளைகள்.

இப்போது அடி, பக்கம், பின்பலகை மூன்றையும் ஃபெவிகால் போட்டு இறுக்கி ஓர் இரவு விடுங்கள். மேல்பலகையை மட்டும் ஒட்ட வேண்டாம், சின்னத் திருகாணியில் நிற்கட்டும். பத்துத் தடவையாவது திறக்க வேண்டி வரும்.

செருப்பில் இரண்டு வட்டு

வட்டுகளைப் பிளைவுட்டிலும் அறுக்கலாம். ஆனால் முதல் பொம்மைக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியே போதும். அதில் சக்கரம் வெட்டி வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பிளேடால் வெட்டலாம். பென்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை, தப்பாகிவிட்டால் இன்னொரு கால் செருப்பு இருக்கிறது.

காகத்தின் வட்டு சுலபம். காகிதத்தில் 7 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் முட்டை வடிவம் வரைந்து வெட்டி, அதைச் செருப்பில் வைத்து வெட்டுங்கள். இரு முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அச்சு சரியாக நடுவில். அச்சிலிருந்து விளிம்பு கூடினால் மூன்றரை, குறைந்தால் 2 செ.மீ., ஆகவே கம்பி ஒன்றரை செ.மீ. ஏறும்.

ஆச்சியின் வட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து எட்டுக் கோடுகள், கோலத்துக்குப் போடுவதுபோல் சம இடைவெளியில். முதல் கோட்டில் புள்ளியிலிருந்து 1.5 செ.மீ. அளந்து குறியிடுங்கள். அடுத்த கோட்டில் 1.75, அதற்கடுத்து 2, இப்படிக் கால் கால் செ.மீ. கூட்டிக்கொண்டே போங்கள். கோடுகளை இடஞ்சுழியாக எண்ணிச் செல்வது முக்கியம், அதாவது கடிகார முள் போகிற திசைக்கு எதிராக. எட்டாவது கோட்டில் 3.25 வரும். ஒரு சுற்று முடிந்து மறுபடி முதல் கோட்டுக்கு வரும்போது 3.5. குறிகளை வளைவாகச் சேருங்கள். முதல் கோட்டில் மட்டும் மூன்றரையிலிருந்து ஒன்றரைக்கு நேராக இறங்கும் ஒரு படி இருக்கும். ஆச்சியின் கோபம் முழுக்க அந்த 2 செ.மீ. படியில்தான் இருக்கிறது.

வெட்டிய பிறகு வரைந்த முகத்தில் பேனாவால் ஓர் அடையாளம் போடுங்கள். அச்சில் மாட்டும்போது அந்த முகம் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கைப்பிடியை வலஞ்சுழியாகச் சுற்றும்போது கம்பி சரிவில் ஏறிப் படியில் குதிக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் கம்பி படியின் சுவரில் முட்டி நிற்கும்; விடாமல் அழுத்தினால் கம்பி வளையும். மயிற்பொறிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வீட்டுக்கு வந்த ஒரு வாண்டு இப்படித்தான் என் இரண்டாவது பொம்மையின் கையைக் கழற்றியது. அன்று முதல் கைப்பிடிச் சுவரில் ஓர் அம்புக்குறி வரையாமல் எந்தப் பொம்மையையும் வெளியே வைப்பதில்லை.

ரப்பர் விளிம்பு வழுக்காது, கம்பியைப் பிடித்து இழுக்கும். அதனால் இரண்டு வட்டின் விளிம்பிலும் செலோடேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். அச்சுத் துளைக்கு ட்ரில் வேண்டாம். கத்தரிக்கோல் நுனியால் சின்னதாகக் குத்தி, சீவிய பென்சிலின் முனையைத் திருகித் திருகி நுழையுங்கள். நேராக நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள். கோணலாக நுழைந்த வட்டு சுற்றும்போது தள்ளாடும்.

அச்சும் கைப்பிடியும்

சீவிய முனை இடப்பக்கம் போகும்படி, வலச் சுவரின் துளை வழியாகப் பென்சிலை உள்ளே விடுங்கள். உள்ளே வந்ததும் காகத்தின் வட்டை மாட்டுங்கள், அப்புறம் ஆச்சியின் வட்டை, பிறகு இடச் சுவரின் துளையில் நுழையுங்கள். புதியவர்கள் வட்டுகளை மாட்டிவிட்டுப் பிறகு பென்சிலைப் பெட்டிக்குள் நுழைக்க முயல்வார்கள், வட்டு துளையில் எப்படி நுழையும்? நானும் முயன்றவன்தான். இடச் சுவரின் உள்பக்கத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி ஆச்சி, 10 செ.மீ. தள்ளிக் காகம், மேல்பலகைத் துளைகளுக்கு நேர் கீழே வர வேண்டும்.

இடப்பக்கம் வெளியே துருத்தும் முனையில் வாஷர் மாட்டி, பின்னால் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகினால் அச்சு நகராது. வலப்பக்கம் கைப்பிடி. 4 செ.மீ. நீள மரப்பட்டை, அதன் நுனியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைத்த அந்த ஒற்றைக் குமிழ். கல்லின் மேல் பெட்டியை நடுவில் வைக்காமல் வல ஓரத்தோடு ஓரமாக வையுங்கள். கைப்பிடி கல்லுக்கு வெளியே தொங்கும், விரல் இடிக்காது.

அச்சு துளையில் உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் நாள் வழுக்கும், அப்புறம் தூசு சேர்ந்து பிசுக்காகும்.

தள்ளுகம்பி

ஸ்போக்ஸ் கம்பியின் மரை உள்ள முனை கீழே. அதில் நிப்பிளைத் திருகுங்கள். அதன் கொண்டைதான் வட்டின் மேல் ஓடப்போகிறது. திருகித் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

ஆச்சியின் கம்பிக்கு நிப்பிளின் கொண்டை மட்டும் போதும், அதன் மேல் ஒரு சொட்டு அரால்டைட் வைத்து உருட்டி மழுக்கிவிடுங்கள். அகலமாக எதையும் ஒட்டாதீர்கள். அகலமான தட்டு படியின் முனையில் சாய்ந்து சாய்ந்து இறங்கும், அடி 'பட்'டென்று விழாமல் தயங்கித் தயங்கி விழும். காகத்துக்கு அகலமே நல்லது. பாட்டில் மூடியின் உள்ளே எம்-சீல் நிரப்பி நிப்பிளை அதில் நட்டு வையுங்கள். மூடியின் வழவழப்பான முகம் வட்டின் மேல் ஓடட்டும்.

மேல்பலகைத் துளைகளில் கம்பிக்கு வழிகாட்டக் குழாய் வேண்டும். ரீஃபில் குழாயில் கம்பி தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள், இறுகினால் மெல்லிய ஸ்ட்ரா. குழாயின் நீளம் கம்பி ஏறும் உயரத்தைவிடக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. 3 செ.மீ. குழாய், அதில் 2 செ.மீ. பலகைக்குக் கீழே தொங்கட்டும். குட்டையான குழாயில் கம்பி சாய்ந்து இறுகும்.

குழாயை நிறுத்த ஃபெவிகுவிக் எடுக்கிறீர்களா? அசையும் பாகத்துக்கு அருகே அது வேண்டவே வேண்டாம். தண்ணீர்போல ஓடிக் குழாய்க்குள் இறங்கிக் கம்பியையும் சேர்த்து ஒட்டிவிடும். எம்-சீல் உருட்டிச் சுற்றி வையுங்கள், போதும்.

கம்பிகளைக் கீழிருந்து குழாயில் விட்டு மேல்பலகையை மூடித் திருகுங்கள். மேலே 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு மீதியை வெட்டுங்கள். இன்னும் எதையும் வளைக்க வேண்டாம்.

நூறு சுற்று

இப்போது சுற்றுங்கள், நூறு முறை, எண்ணி. மொட்டைக் கம்பி இரண்டு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நூறு சுற்று சுற்றுவது அலுப்பான காரியம்தான். ஆனால் பிறகு வருகிற எல்லாப் பிரச்சினையும் இப்போதே வந்துவிடும்.

கம்பி ஏறிய இடத்திலேயே நின்றால் அதற்குக் கனம் போதவில்லை, நிப்பிளுக்கு மேலே இரண்டு நட்டு கோத்து ஒட்டுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் செலோடேப் கிழிந்து ரப்பர் உரசுகிறது. ஒரு சுற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் வட்டு எங்கேயோ உரசுகிறது. வட்டு அச்சில் வழுகினால் குண்டூசியைச் சாய்வாகக் குத்தலாம். ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒருவர் கட்டாயம் கேட்பார்: மோட்டார் மாட்டலாமா? மாட்டலாம், வேகம் குறைத்துத் தருகிற கியர் உள்ள சின்னப் பேட்டரி மோட்டார். எனக்கு விருப்பமில்லை. கையால் சுற்றுகிறவர் அடி விழுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவார், ஆச்சி குச்சியை ஓங்கியபடி நிற்பாள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மோட்டாருக்கு அந்தக் குறும்பு வராது.

ஆச்சியும் காகமும்

இனி உங்கள் ராஜ்யம். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் தலைக்குக் காகிதக்கூழ். முறம் மெழுகுவதற்கு வீட்டில் பெரியவர்கள் அரைப்பார்களே, அதேதான். செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவையுங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ நைய அரைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். வெந்தயத்தின் வழவழப்பே பசை. எலுமிச்சை அளவுக்குக் கசக்கிய காகித உருண்டை மேல் அப்பி, மூக்கையும் கன்னத்தையும் கிள்ளி எடுத்து, முதல் நாள் நிழலிலும் அப்புறம் மூன்று நாள் வெயிலிலும் காய வையுங்கள். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் முகம் வெடிக்கும். மிச்சக் கூழில் சுண்டைக்காய் அளவு உருட்டித் தட்டினால் அவைதான் வற்றல். அசலாக இருக்கட்டும் என்று உண்மையான கூழ்வற்றலை ஒட்டிய வருடம் எறும்பு வரிசை பெட்டிக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டது.

உடம்புக்கு ஒரு மரக்கட்டை போதும், சேலை சுற்றினால் எல்லாம் மறைந்துவிடும். தோள் மட்டும் முக்கியம். தோள் ஆணியைத் தள்ளுகம்பிக்கு இரண்டரை செ.மீ. இடப்பக்கம் அமையுங்கள். கை ஒரு மெல்லிய மரப்பட்டை. ஒரு முனை தோளில் தளர்வாகச் சுழலும், கம்பி அதை அடியிலிருந்து தூக்கும். தோளிலிருந்து குச்சியின் நுனி 5 செ.மீ. தூரம் என்றால், கம்பி 2 செ.மீ. ஏறும்போது நுனி சுமார் 4 செ.மீ. எழும்பும். நெம்புகோல் நமக்குத் தருகிற லாபம் இது. குச்சியை இன்னும் நீட்டினால் வீச்சு கூடும், ஆனால் காகத்தின் தலையில் இடிக்கும். குச்சியை முன்பக்கம் கொஞ்சம் வளைத்துவிட்டால் காகத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் விழும். சேலைத் தலைப்பு தோள் ஆணியில் மாட்டாதபடி ஒட்டுங்கள். பழைய, துவைத்துத் துவைத்து மெலிந்த துணிதான் கையோடு சேர்ந்து அசையும். புதுத்துணி விறைத்துக்கொண்டு கையைத் தாங்கிப் பிடித்துவிடும்.

காகத்தைப் பக்கவாட்டு உருவமாகப் பிளைவுட்டில் அறுத்து, குடைத்துணியைப் பட்டை பட்டையாக வாலிலிருந்து தலை நோக்கி ஓடு வேய்வதுபோல் ஒட்டுங்கள். அலகுக்குக் கறுப்புப் பேனா மூடியின் கொக்கி. நடு வயிற்றில் ஆணி, இரண்டு பக்கமும் தாங்குகால். ஆணியிலிருந்து 2 செ.மீ. தள்ளி வாலில் துளையிட்டு, தள்ளுகம்பியின் நுனியை வளையமாக வளைத்துக் கோத்துவிடுங்கள். கம்பி ஏறினால் வால் ஏறும், அலகு தாழ்ந்து கொத்தும். கம்பி இறங்கினால் வால் தாழ்ந்து தலை நிமிரும். தலை தானாக நிமிர வேண்டுமானால் வால் பக்கம் கனம் வேண்டும், துணிக்கு அடியில் ஒரு வாஷரை ஒளித்து வையுங்கள். வளையம் தாராளமாக இருக்கட்டும். கம்பி நேராக ஏறுகிறது, வாலோ வளைவாகப் போகிறது. இறுக்கிக் கோத்தால் பாதியில் நின்றுவிடும்.

பெட்டியின் வெளிப்பக்கம், வளவுத் தூண், பனையோலையில் முடைந்த குட்டிக் கொட்டான், எனாமல் மூடியில் வற்றல் தட்டு, இவையெல்லாம் உங்கள் கை வரிசை. மரத்துக்கும் துணிக்கும் ஃபெவிகால், உலோகத்துக்கும் எனாமலுக்கும் கல்லுக்கும் அரால்டைட். ஒவ்வொன்றை ஒட்டியதும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி அச்சு இறுகினால் பதற வேண்டாம். இரண்டு நாள் உலர்ந்த இடத்தில் வைத்து, மெழுகு தேய்த்தால் சரியாகிவிடும்.

யார் ஜெயிப்பது

இப்போது அந்தக் குண்டூசி. கைப்பிடியை மெல்லச் சுற்றி, ஆச்சியின் கம்பி படியிலிருந்து குதித்த உடனே நிறுத்துங்கள். அதே நிலையில் அச்சைப் பிடித்துக்கொண்டு, காகத்தின் வட்டை மட்டும் திருகி அதன் ஒடுங்கிய பக்கம் மேலே வரும்படி நிறுத்துங்கள். காகத்தின் கம்பி அப்போது அடியில் இருக்கும், தலை நிமிர்ந்திருக்கும். சுற்றிப் பாருங்கள்: ஒரு கொத்து, இன்னொரு கொத்து, அடி, காகம் நிமிர்ந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் இதைப் பார்த்த அப்பத்தா நாலு சுற்று சுற்றிவிட்டு, "ஒரு தடவையாச்சும் அவ அடி படட்டுமேப்பா" என்றார். அதற்கும் வழி உண்டு. காகத்தின் வட்டை இன்னும் கால் சுற்றுத் திருப்பினால் அடி விழும் நேரத்தில் அலகு தட்டில் இருக்கும். குச்சியின் வளைவையும் நிமிர்த்திவிட்டால் நேராகத் தலையில்தான் விழும். அப்பத்தாவுக்காக ஒரு நாள் அப்படி வைத்திருந்தேன், மறுநாள் அவரே மாற்றச் சொல்லிவிட்டார். இரண்டு விதமாகவும் சுற்றிப் பார்த்து, யார் ஜெயிக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்த பிறகு, இரண்டு வட்டிலும் குண்டூசியைச் சாய்வாகக் குத்தி அச்சில் இறக்குங்கள்.